எழுபத்திரண்டு கிலோ

பகல் பன்னிரண்டு இருபதுக்குச் செய்தி வந்தது. தங்கை அப்போது பார்சல் கவுன்டரில் ஓர் அட்டைப்பெட்டியைத் தராசில் ஏற்றிக்கொண்டிருந்தாள். பெட்டியின் மேல் மூன்று கிலோ என்று எழுதியிருந்தது. தராசு மூன்றே முக்கால் காட்டியது. பெட்டிக்காரரோடு அவள் மல்லுக்கு நிற்கையில் அண்ணனின் பட்டறையிலிருந்து போன் வந்தது.

"அண்ணன்மேல எஞ்சின் விழுந்துடுச்சும்மா. ஆஸ்பத்திரிக்கு வா."

"எப்படி இருக்கார்?"

"வாம்மா, நீ வா முதல்ல."

அந்தப் பதிலிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

அண்ணனுக்கு ஐம்பத்தொரு வயது. இருபத்தேழு வருடமாக ஒரே பட்டறையில் கார் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டியவர். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. தங்கை வீட்டு மாடி அறையில்தான் இருந்தார். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், பார்ப்பவர்கள் வாயைப் பிளக்கட்டும் என்று ஒரு கியர்பாக்ஸைத் தம் பிடித்துத் தனியாகத் தூக்கினார். பதினேழு நாள் பாயோடு பாயாகக் கிடந்தார். எழுந்து நடந்த அன்று, பழைய இரும்புக் கடையில் சொல்லிவைத்து ஒரு தரைத்தராசு கொண்டுவந்து பட்டறை மூலையில் போட்டார்.

அதன்பிறகு எந்தப் பாகம் வந்தாலும் தராசில் வைத்துப் பார்த்து, ஓர் அட்டைச்சீட்டில் எடையை எழுதிக் கம்பியால் கட்டிவிடுவார். இருபது கிலோ வரை ஓர் ஆள். நாற்பத்தைந்து வரை இரண்டு ஆள். அதற்கு மேல் ஒரு கிலோ கூடினாலும், சக்கரத்தில் தள்ளிவரும் கிரேன். முன்பக்கம் ஒரு வேனின் எஞ்சினைத் தூக்குவதில் கிரேன் மாட்டிக்கொண்டிருந்தால், அது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். முதலாளி தலையால் தண்ணீர் குடித்தாலும் அசையமாட்டார். இன்னொரு விதியும் உண்டு. சீட்டுக் கட்டிய பாகத்தில் யார் எதைச் சேர்த்துப் பூட்டினாலும் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும்.

பட்டறையில் அவருக்குப் பெயரே கிலோ என்றாகிவிட்டது.

"என்ன கிலோ, உன் சோத்து டப்பாவுக்கு ஒரு ஆளா, ரெண்டு ஆளா?" என்று கூட வேலை செய்யும் மீசைக்காரர் சீண்டுவார்.

"டப்பாவுக்கு ஒரு ஆள் போதும். உன் வாய மூடத்தான் கிரேன் கொண்டாரணும்."

வீட்டிலும் இதே கதைதான். தங்கை குடிமாறிய நாளில் பீரோவைத் தூக்க வந்த மாப்பிள்ளையைத் தடுத்து, கதவுகளைக் கழற்றி, இழுப்பறைகளை உருவி, வெறும் கூட்டைத்தான் மாடியேற்ற விட்டார். "உங்க அண்ணன் பீரோவுக்கு ஆபரேஷன் பண்றார்" என்று மாப்பிள்ளை முணுமுணுத்தார். ஆனால் அன்று ஒருவருக்கும் இடுப்பு பிடிக்கவில்லை.

அண்ணன் இறந்த மூன்றாம் நாள் காலை தங்கையைப் பட்டறைக்குக் கூப்பிட்டார்கள். தொழிற்சாலை ஆய்வாளர் வந்திருந்தார். முதலாளி தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினார். எஞ்சின் பிளாக்கை இறந்தவர் அவசரப்பட்டுத் தனியாகத் தூக்கினார், யாரையும் துணைக்கு அழைக்கவில்லை என்று அதில் இருந்தது. குடும்பத்தார் கையெழுத்துக்கென்று அடியில் ஒரு கோடு போட்டிருந்தது.

"கையெழுத்துப் போட்டுடும்மா. இதோட முடிஞ்சுடும்."

"எது முடியும்?" என்றாள். "பதினேழு நாள் படுத்து எழுந்த மனுஷன் அவரு. அதுக்கப்புறம் இருபது கிலோவுக்கு மேல தனியா தூக்கினதே இல்ல. அவரப் பத்தி இப்படி எழுதினா நான் போடமாட்டேன்."

"அவர்தான் போயிட்டார். இனிமே எப்படி எழுதினா என்னம்மா?"

"போனவர் வந்து மறுக்க முடியாதுங்கிற தைரியத்துலதானே எழுதியிருக்கீங்க?"

முதலாளியின் முகம் சுண்டியது. ஆய்வாளர் பேனாவை மூடினார். தங்கை உள்ளே போனாள். மேசைக்கு அருகில் அந்த பிளாக் விழுந்த இடத்திலேயே கிடந்தது. தூசி படாமல் சுற்றிய பிளாஸ்டிக் உறை ஒரு பக்கம்தான் கிழிந்திருந்தது. உறைக்கு வெளியே அண்ணனின் கையெழுத்தில் சீட்டு: நாற்பத்திரண்டு, இரண்டு ஆள்.

அவள் வெகுநேரம் அதைப் பார்த்தாள். பார்சல் கவுன்டரில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்தவள். பெட்டியின் மேல் எழுதியதை அவள் ஒருநாளும் நம்பியதில்லை.

"இதை நிறுங்க."

"எதுக்கும்மா? சீட்டுலதான் இருக்கே" என்றார் முதலாளி.

"சீட்டு இருக்கட்டும். நிறுங்க. கையால வேண்டாம், கிரேன்ல."

ஆய்வாளர் தலையசைத்தார். மீசைக்காரர் கிரேனைத் தள்ளிக்கொண்டு வந்தார். குனிந்த தலை நிமிராமல் பட்டையைக் கொக்கியில் மாட்டினார். பிளாக்கை மெல்லத் தராசில் இறக்கினார்கள். முள் நாற்பத்திரண்டைத் தாண்டியது, ஐம்பதைத் தாண்டியது, எழுபத்திரண்டில் போய் நின்றது.

மீசைக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தாம்மா. முந்தின நாள் அண்ணன் லீவு. வண்டிய சீக்கிரம் குடுக்கணும்னு முதலாளி நெருக்கினாரு. வெறும் கூடா இருந்த பிளாக்குல கிராங்க், பிஸ்டன், ஃப்ளைவீல் எல்லாத்தையும் பூட்டி, அதே உறையப் போட்டு மூடினேன். சீட்டக் கிழிக்க மறந்துட்டேன். மறுநாள் அவரு சீட்டப் படிச்சிட்டு, ரெண்டு ஆள் போதும், வான்னாரு. நான் ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம். மேசை விளிம்பு வரைக்கும் இழுத்துதான் வந்தோம், அதத் தாண்டினப்புறம்தான் கனம் தெரிஞ்சது. என் பிடி நழுவிடுச்சு. மொத்தமும் அவரு நெஞ்சுமேல..."

"வாயை மூடுய்யா" என்றார் முதலாளி.

"மூடமாட்டேன். தனியா தூக்கினார்னு சொல்லச் சொன்னதே நீங்கதான். மூணு நாளா சோறு இறங்கல எனக்கு."

தங்கைக்கு அந்த ஆளை அறையலாம் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. முதலாளியின் தாளை நான்காகக் கிழித்து மேசைமேல் வைத்துவிட்டு, ஆய்வாளரிடம் வெள்ளைத்தாள் கேட்டாள்.

"நான் சொல்றேன், எழுதுங்க சார். ரெண்டு பேர் தூக்கினாங்க. எடை எழுபத்திரண்டு. சீட்டுல நாற்பத்திரண்டு. முந்தின நாள் யார் அவசரப்படுத்தினாங்கன்னும் எழுதுங்க." பிளாக்கின் உறையைப் பார்த்தாள். "எங்க அண்ணன் உறையைத் திறந்து பார்க்கல. அதையும் எழுதுங்க."

"அது உங்க பக்கத்துக்கு நல்லதில்லயேம்மா" என்றார் ஆய்வாளர்.

"இருக்கட்டும் சார். அவர் எடையைக் கூட்டியும் எழுதமாட்டார், குறைச்சும் எழுதமாட்டார். அவருக்காக நான் குறைச்சு எழுதினா, இந்த முதலாளிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

எழுதி முடித்ததும் மீசைக்காரர் முதலில் கையெழுத்திட்டார். அடுத்து அவள். முதலாளி போடவில்லை. மறுத்தார் என்று ஆய்வாளர் அதையும் எழுதிக்கொண்டார்.

அண்ணனின் அலமாரிச் சாவியை வாங்கித் திறந்தாள். மாற்றுச் சட்டை ஒன்று, கண்ணாடிக்கூடு, மடித்த செய்தித்தாளின் மேல் ஒரு ஜோடி தோல் கையுறை. உள்ளங்கைப் பக்கம் தேய்ந்துபோனதால் புதுத்தோல் வைத்துத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இடது கையுறை முடிந்திருந்தது. வலதில் கட்டைவிரல் வரை வந்திருந்தார். அதற்கு மேல் தைக்கவில்லை, ஊசி நூலோடு தோலில் குத்தியபடி இருந்தது.