பாசி பிடிக்கப் போனவள்

பாசி ஆராய்ச்சி செய்கிறவர்களை உலகத்தில் ஒருவரும் நம்புவதில்லை. என்னோடு குளம் குளமாக இறங்கியவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. தருமபுரியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன்.

ஏரிக்கரை

மாரண்டஹள்ளிப் பக்கம் ஓர் ஏரியில் பாசி அள்ளிக்கொண்டிருந்தேன். கரையில் தக்காளி போட்டிருந்த விவசாயி ஒருவர் வந்து நின்றார். அவர் செடியெல்லாம் இலை சுருண்டு கிடந்தது. நான்தான் ஏரியில் எதையோ கலந்துவிட்டேன் என்று அவருக்குச் சந்தேகம்.

பாசிக்குள்ளே சில புரதங்கள் பச்சை நிறமிகளை வரிசையாகப் பிடித்து வைத்திருக்கின்றன, அந்த நிறமிகள் வெயிலை வாங்கிக் கைமாற்றிக் கைமாற்றி உணவு சமைக்கிற இடத்துக்கு அனுப்புகின்றன, அதைத்தான் படிக்கிறேன் என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வெயிலு சும்மாவே மண்டையப் பொளக்குதுங்க. அதப் புடிக்க ஒரு ஆளா? நெசத்தச் சொல்லுங்கம்மா, என்னத்தக் கலந்தீங்க?"

கறுப்புத் துணி

சித்தேரி மலை ஓடையில், நிழலிலேயே வளர்கிற பாசி ஒன்று கிடைத்தது. வெளிச்சம் குறைந்த இடத்தில் வளர்வதால் அதற்கு அந்தப் புரதங்கள் அதிகம். வெயில் பட்டால் சில நிமிடத்திலேயே அவை இடம் மாறிவிடும். அதனால் பாட்டில்களைக் கறுப்புத் துணியில் சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து மடியோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

வழியில் போலீஸின் சாராயச் சோதனை. பெட்டியோடு என்னை மட்டும் இறக்கினார்கள். மொத்த பஸ்ஸும் ஜன்னல் வழியாக என்னைச் சாராயக்காரியாகப் பார்த்தது. திறக்காதீர்கள் என்று கெஞ்சியதில் போலீஸ்காரருக்குச் சந்தேகம் கூடிவிட்டது. நடு வெயிலில் துணியைப் பிரித்து, மூடியைத் திறந்து, மோந்து பார்த்தார். என் மலையேற்றம் அத்தனையும் வீண். அவர் முகம் மட்டும் தெளியவில்லை: "ஒரு வாசனையும் வரலியே மேடம். அதான் எனக்கு இன்னும் சந்தேகமா இருக்குது."

சிவப்பு

தக்காளிக்காரர் புகார் சொன்னதில், அந்த ஏரிக்கரை ஊரின் பஞ்சாயத்துத் தலைவி, இனி ஏரியில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். இறங்காவிட்டால் பாதி ஆராய்ச்சியோடு நிற்க வேண்டியதுதான். நேரில் வந்து பாருங்கள் என்று கல்லூரிக்கு அழைத்தேன்.

பாசியிலிருந்து எடுத்த பச்சைச் சாற்றில் நீல விளக்கை அடித்துக் காட்டினேன். புரதத்தை விட்டுப் பிரிந்த நிறமி, வாங்கிய வெளிச்சத்தை யாரிடமும் கொடுக்க வழியில்லாமல் சிவப்பாகத் திருப்பிக் கொட்டும். ரத்தமாக மின்னியது. அவர் இரண்டடி பின்னால் போனார். விளக்கை அணைத்தால் பச்சை, போட்டால் சிவப்பு. கடைசியில் விளக்கைத் தானே வாங்கி அடித்துப் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்: "நீங்க வந்து எடுத்துக்கங்க. ஆனா நான் இதத் தொட்டேன்னு ஊர்ல சொல்லிராதீங்க. அப்புறம் எங்க வூட்டுலயே என்னையச் சந்தேகப்படுவாங்க."

எதையும் சந்தேகப்படுவதுதான் அறிவியல் என்று வகுப்பில் நான் தொண்டை வற்றக் கத்துகிறேன், அதை வெளியே எல்லோரும் ஏற்கெனவே கற்றுத் தேர்ந்து எனக்காகவே காத்திருக்கிறார்கள்.