சாமிக்கு வைத்த சோடா

சான் ஹோசேயில் ஒரு தாய்லாந்து ஆன்ட்டி, அங்கிள் வீட்டில் நானும் நண்பன் செந்திலும் வாடகைக்கு இருக்கிறோம். தோட்டத்தில் அவர்களுடைய காவல் சாமிக்குப் பொம்மை வீடு போல ஒரு கோயில். ஒருநாள் அதன்முன் ஸ்ட்ரா போட்ட சிவப்பு சோடா இருந்தது. பிரசாதம்தானே என்று குடித்துவிட்டேன்.

செந்தில் பதறினான். "டேய், அங்கிளுக்கு இன்னைக்கு ஹார்ட் ஆபரேஷன்டா! அதுக்கு வேண்டிக்கிட்டு வெச்சதை காலி பண்ணிட்டியே!"

ரூம் போனால் போகட்டும், அங்கிளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? மருத்துவமனையில் இருந்த ஆன்ட்டிக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன்.

"சாமிகிட்ட கேட்டுட்டு எடுத்திருக்கலாமே," என்றார் ஆங்கிலத்தில். "வேற வாங்கி வெச்சு, உன் பாஷையிலேயே ஸாரி சொல்லு."

புது சோடா வாங்கி வைத்தேன். "தெரியாம குடிச்சிட்டேன் சாமி, அங்கிளைப் பார்த்துக்கோங்க."

அங்கிள் நலமாக வீடு திரும்பினார். இப்போது தினமும் சோடா மாற்றுவது நான்தான். பழையதை, கேட்டுவிட்டே குடிக்கிறேன்.