யசோதா அச்சேற்றிய துவக்குக் கட்டுரை

ஈஸ்ட் ஹாமில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது யசோதாவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அன்ரி, அம்மா போயிட்டா" என்றாள். நோய் முற்றியிருந்தது தெரியும். தெரிந்திருந்தும், கையிலிருந்த பையைக் கடையிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு வந்து சேர்ந்தேன்.

ஹரோவில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடத்தும் மாத இதழை வாசித்தவர்களுக்கு யசோதாவைத் தெரியும். அதில் பதின்ம வயதினர் எழுதும் பக்கங்களுக்கு அவள் ஆசிரியர், நான் படம் பிடிப்பவள். சரியான பிடிவாதக்காரி. பிள்ளைகள் எதைப் பற்றி எழுதினாலும் அந்த இடத்தைத் தன் கண்ணால் பார்க்காமல் அச்சுக்கு விடமாட்டாள். அவளோடு அலைந்து என் சப்பாத்துத் தேய்ந்ததுதான் மிச்சம்.

ஒருமுறை அபிநயா என்ற பதினாறு வயதுப் பிள்ளை, தான் குறிபார்த்துச் சுடப் பழகும் கழகத்தைப் பற்றி எழுதித் தந்தாள். குண்டு போடாத வெறும் துவக்கென்றாலும் ஆளை நோக்கி நீட்டக்கூடாது, சுடாத நேரத்தில் விசையில் விரல் படக்கூடாது என்று வெகு பொறுப்பாக எழுதியிருந்தாள். நிர்வாகக் குழுவில் ஒரே அமளி. "துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். இஞ்சயும் பிள்ளையளுக்குத் துவக்கோ? இதைப் போட ஏலாது" என்றார் தலைவர்.

"நான் போய்ப் பாத்திட்டு வந்து சொல்லுறன் அண்ணை" என்றாள் யசோதா.

அபிநயாவோடு நாங்கள் இருவரும் அந்தக் கழகத்துக்குப் போனோம். முதல் வெடி கேட்டதும் திடுக்கிட்டுத் திரும்பினேன். பக்கத்தில் யசோதாவைக் காணவில்லை. தரையில் குப்புற விழுந்து, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு கிடந்தாள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த உடம்பு, யோசிக்க முன்னரே விழுந்துவிட்டது. அபிநயா "ஸ்டொப்!" என்று கத்தினாள். அங்கே யார் அப்படிக் கத்தினாலும் எல்லோரும் நிறுத்த வேண்டுமாம். வரிசையில் இருந்த அத்தனை பேரும் உடனே துவக்குகளைக் கீழே வைத்துவிட்டார்கள்.

யசோதா எழும்பி உடுப்பைத் தட்டிக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

"அன்ரி, இதையும் எழுதட்டோ?" என்று அபிநயா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"கண்டதை எழுதும், பிள்ளை. என்ர பேரைப் போட்டே எழுதும்."

கட்டுரையைப் போடலாம் என்று யசோதா சொன்னதும் தலைவர் கொஞ்சம் இறங்கி வந்து, அதற்கு முன்னால் ஒரு மன்னிப்புக் குறிப்பாவது போடலாம் என்றார். "பிள்ளை பிழையா ஒண்டும் எழுதேல்லை. பிறகென்னத்துக்கு நாங்கள் மன்னிப்புக் கேக்கிறது?" என்றாள் யசோதா. கட்டுரை முழுதாக வந்தது. அதன்பின் சிலர் கோயில் வாசலில் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் கணக்கிலேயே எடுக்கமாட்டாள்.

ஆனால் கட்டுரையில் வராதது ஒன்று உண்டு. அன்று திரும்பும் ரயிலில் யசோதா என் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னாள்: "சின்னப் பிள்ளை ஒண்டு சொல்ல எல்லாரும் நிப்பாட்டிச்சினம், கண்டனியே? என்ர தம்பியைச் சுடேக்க நானும் அப்பிடித்தான் கத்தினனான்."

இத்தனை வருடப் பழக்கத்தில், அவளுக்கு ஒரு தம்பி இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். "பிள்ளைக்குச் சொல்லிப்போடாத. பிறகு அது சுடப் போகாது" என்றாள். நான் சொல்லவில்லை.

அபிநயா இப்போது வளர்ந்த பெண். இன்னும் சுடுகிறாள். இறுதிச் சடங்கில் என் தோளில் சாய்ந்து அழுதபோது, இனிச் சொன்னால் என்ன என்று தோன்றியது, சொன்னேன். கண்ணைத் துடைத்துவிட்டு, யசோதா பழக்கிய பிள்ளையல்லவா, முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டாள்: "அவவின்ர தம்பியின்ர பேர் என்ன அன்ரி?"

எனக்குத் தெரியவில்லை. யசோதாவின் மகளிடம் கேட்டோம். தனக்கொரு மாமா இருந்ததே அவளுக்குத் தெரியாது.

யசோதா என்னிடம் விட்டுப்போயிருப்பது, பெயர் தெரியாத அந்தத் தம்பியைத்தான்.