சிவப்புப் பொட்டு வைத்த போர்ட்

வியாழக்கிழமை காலை பத்து மணியிருக்கும். வத்தேகம பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள என் கடையில் ஒரு டோர்ச் லைட்டுக்கு மூடி திருகிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. சிவபாதம் ஐயாவின் மனைவி பரமேஸ்வரி அம்மா பேசினார்.

"அண்ணை, இவர் எங்களை விட்டிட்டுப் போயிட்டார்."

நெஞ்சு வலி என்று முதல் நாள் பேராதனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். விடியும்போது உறக்கத்திலேயே உயிர் பிரிந்திருக்கிறது. எனக்கு உடனே அழுகை வரவில்லை. சாகிற வேலையைக்கூட இந்த மனிதர் எவ்வளவு சுத்தமாகச் செய்துவிட்டார் என்றுதான் தோன்றியது. அழுகை பிறகு வந்தது, மூடி மரை மாறித் திருகிக்கொண்டபோது.

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி அம்மா கேட்டார். ஐயாவோடு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வேலை செய்தவர்கள் ஒரே இருப்பில் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். எனக்கு ஒன்பது நாள் பிடித்தது. எழுபது வயதுக்குப் பிறகு எழுத்துப் படித்தவன் நான். படித்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. துக்கத்துக்கு எழுதும்போது சந்தோஷப்படுவது முறையில்லை. ஆனாலும் 'சிவபாதம்' என்று நானே எழுதி, அதை நானே வாசித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது.

வத்தேகமயில் பலருக்கு ஐயாவைப் பற்றி ஒரு குறை தெரியும். அவர் கொடுத்த சாமானால் ஓர் ஆளின் உயிர் போகப் பார்த்தது என்பார்கள். அது பொய் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதை எழுதாவிட்டால் இந்தப் பக்கம் வீண்.

நான் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் மோட்டார் பழுது பார்த்தவன். வேலையை விட்டபின் டோர்ச் செய்து விற்க ஆரம்பித்தேன். பன்றிக் காவலுக்குப் போகிறவர்களும், இருட்டோடு பால் கறக்கப் போகிறவர்களும் வாங்குவார்கள். கடையில் விற்கிற பிளாஸ்டிக் டோர்ச் அவர்களுக்கு ஒரு மழைக்குத் தாங்காது. அலுமினியக் குழாயில் உடம்பு கடைந்து, பழைய லெப்டொப் பெட்டரியைக் கழற்றிப் போட்டு நான் செய்தது தாங்கியது. நல்ல பெயர் எடுத்திருந்தேன். அப்போதுதான் பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூட உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துச் சிவபாதம் ஐயா, எனக்குப் பக்கத்துக் கடையை வாடகைக்கு எடுத்து, அவரும் டோர்ச் செய்ய உட்கார்ந்தார்.

அவருடைய மேசை எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவு ஒழுங்கு. அவர் போட்டிருந்த கண்ணாடி பிடிக்கவில்லை. மூன்று மொழியில் பேசி மூன்று மொழியில் எழுதியதும் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும்விட, ட்ரைவர் போர்ட்டை அவர் தெரிவு செய்கிற விதத்தை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ட்ரைவர் போர்ட் என்பது ஒரு நாணயக் குற்றி அளவுத் தகடு. பெட்டரிக்கும் பல்புக்கும் நடுவில் இருந்து, எவ்வளவு கரண்ட் போகலாம் என்று அதுதான் முடிவு செய்யும். நான் போர்ட்டைக் கையில் வைத்துக் கனம் பார்ப்பேன், ஈயம் பளபளக்கிறதா என்று பார்ப்பேன், எடுத்துவிடுவேன். அவர் போர்ட்டைத் தொடுவதற்கு முன் வந்தவரிடம் கேள்வி கேட்பார். எங்கே கொண்டு போகப் போகிறீர், எவ்வளவு நேரம் எரிய வேண்டும், கையில் சூடு தாங்குமா, மாற்றுப் பெட்டரி இருக்கிறதா? கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்ப்பதுபோல விசாரிப்பார். பிறகு ஒவ்வொரு போர்ட்டையும் மணிக்கணக்காக எரிய விட்டுச் சோதித்து, தேறியதைச் சிறு கடித உறைக்குள் போட்டு, மேலே ஏதோ எழுதி மேசையின் இழுப்பு லாச்சிக்குள் வைப்பார்.

"நல்ல வெளிச்சமா குடுத்தா போதாதாங்க ஐயா? எதுக்கு இவ்வளவு கேள்வி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வெளிச்சம் எல்லாரும் குடுக்கலாம் காணும். பற்றரி முடியேக்க என்ன நடக்குது எண்டதுதான் விசயம். பட்டெண்டு நிண்டால் ஆள் குருடு. மெல்ல மெல்ல மங்கினால், திரும்பி வர நேரம் கிடைக்கும்."

அது சரி என்று எனக்குத் தெரிந்தது. அதனால்தான் கோபம் வந்தது.

ஒரு நாள் மருதமுத்து வந்தான். தோட்டத்துத் தண்ணீர்ச் சுரங்கத்தில் அடைக்கும் இலைகளையும் மண்ணையும் அள்ளுகிறவன். குனிந்தபடி அரை மணி நேரம் உள்ளே போக வேண்டும். இருவரும் ஒவ்வொன்று செய்யட்டும், பிடித்ததை எடுத்துக்கொள்கிறேன் என்றான். ஐயா ஒரு பெட்டரி போட்டு, அடக்கமான வெளிச்சத்தில் ஒன்று செய்தார். நான் பார்த்தேன். அவரை வெல்ல வேண்டுமென்றால் இரண்டு பெட்டரியை வரிசையாகப் போட்டால் போதும். ஆனால் போர்ட் மட்டும் அவருடையதுபோலச் சோதித்துத் தேறியதாக இருக்க வேண்டும்.

அவர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரத்தில் அவருடைய லாச்சியைத் திறந்து ஒரு போர்ட்டை எடுத்தேன். 'எடுத்தேன்' என்று முதலில் எழுதினேன். திருடினேன். கரண்டை விடுகிற சிறு கறுப்புத் துண்டுகள் எட்டு இருந்த போர்ட்டாக எண்ணிப் பார்த்துத்தான் எடுத்தேன், நாலு இருந்ததை விட்டுவிட்டேன். உறையில் எழுதியிருந்தது எனக்குக் கோடுகள்தான்.

மருதமுத்து இரண்டையும் அடித்துப் பார்த்தான். "கருப்பையாண்ணே, ஒங்களுது சூரியன்ணே! ஐயாவோடது குப்பி லாம்பு மாதிரில்ல இருக்கு!" என்றான். என்னுடையதை எடுத்துக்கொண்டு போனான். ஐயா சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை. தோற்றவர் சிரிக்கிற சிரிப்பாக அது இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் மருதமுத்து தலை முதல் கால்வரை சேறோடு வந்தான். முழங்கை தோல் உரிந்திருந்தது. டோர்ச்சை என் மேசையில் போட்டான்.

"நடுச் சொரங்கத்துல நின்னுபோச்சு. சொவத்தத் தடவித் தடவி வந்தேன். தண்ணி தொறந்து விட்டிருந்தா நான் செத்திருப்பேன்ணே! ரெண்டு புள்ள இருக்கு எனக்கு!"

கடைத்தெருவே கூடிவிட்டது. ஐயா வந்து டோர்ச்சை எடுத்துத் திறந்தார். போர்ட் கருகியிருந்தது. ஆனால் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு கருகாமல் இருந்தது. சோதித்துத் தேறிய ஒவ்வொரு போர்ட்டிலும் அவர் தம் மனைவியின் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைப்பார் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. கம்பெனிக்காரன் வைத்தது என்று நினைத்திருந்தேன்.

அவர் பொட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மருதமுத்துவிடம் சொன்னார்:

"இது என்ர போர்ட் தம்பி. நான்தான் இவருக்குக் குடுத்தனான். பிழை என்ர."

மருதமுத்து அவரைப் பேசாத பேச்சில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். நானும் கேட்டுக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை.

கூட்டம் போனபின் என்னிடம் வந்தார். "அது ஒற்றைப் பற்றரிக்கு மட்டும் தாங்கும் காணும். உறையிலேயே எழுதியிருந்தனான். உமக்கு வாசிக்கத் தெரியாது எண்டு வந்த கிழமையே எனக்குத் தெரியும்."

"யாருங்க சொன்னது?"

"கரண்ட் பில்லைத் தலைகீழாப் பிடிச்சுக்கொண்டு, இந்த மாசம் கூடிப்போச்சு எண்டு சொன்னனீர்."

எனக்கு நன்றி வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. திருடினேன் என்பதை அவர் ஒரு சொல்லாலும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடக்கிறது, வாரும் என்று மட்டும் சொன்னார். முடியாது என்றேன். பிறகு அவருக்குத் தெரியாமல், பஸ் மாறித் தெல்தெனியவுக்குப் போய் அங்கே ஒரு வகுப்பில் சேர்ந்தேன். அவர் காட்டிய இடத்தில் படித்தால் அந்தப் பெயரும் அவருக்கே போய்விடுமே!

அதன் பிறகு அவருடைய வியாபாரம் படுத்துவிட்டது. "யாழ்ப்பாணத்து ஐயாவோட டோர்ச் ஆளக் கொல்லும்" என்று மருதமுத்து போகிற இடமெல்லாம் சொன்னான். அவரிடம் போனவர்கள் என்னிடம் வந்தார்கள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் காலியான கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டு, பேப்பர் வாசித்துக்கொண்டு, வழக்கம்போல எனக்கு "காலை வணக்கம்" சொன்னார். பழியைச் சுமக்கிற மனிதரின் முகம் அப்படி இருக்கக் கூடாது. பழியிலிருந்து தப்பிய நான்தான் இரவில் உறங்காமல் கிடந்தேன். அவருடைய உறக்கத்தின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

வந்தவர்களிடம் நான் அவருடைய கேள்விகளையே கேட்கத் தொடங்கினேன். எங்கே கொண்டு போவீங்க? எவ்வளவு நேரம்? அவர் பக்கத்துக் கடையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார். "சூட்டைக் கேக்க மறந்திட்டீர் காணும்" என்று ஒரு முறை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

உண்மையை ஊருக்குச் சொல்ல அவர் உயிரோடு இருந்தபோது எனக்கு எத்தனையோ நாள் கிடைத்தது. சொல்லவில்லை. இப்போது எழுத்து இருக்கிறது, எழுதிவிட்டேன்.

இனி வரும் வரிகள் பிறகு சேர்த்தவை. இதுவரை எழுதியதை முதலில் மருதமுத்துவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்த மனுசன் எதுக்க வந்தா நான் ரோட்டு மாறிப் போவேன்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனான். அதன் பிறகு என்னோடு அவன் பேசவில்லை. அது நியாயம்.

பிறகு பரமேஸ்வரி அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் நின்றபடியே வாசித்தார். நான் ஒன்பது நாள் எழுதியதை அவர் ஐந்து நிமிடத்தில் வாசித்து முடித்தார். கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, இதை இவர் எனக்குச் சொல்லேல்லையே. கவனமில்லாமல் ஏன் போர்ட் குடுத்தனீங்கள் எண்டு நான் எத்தனை நாள் ஏசினனான்! எனக்குமெல்லோ சொல்லேல்லை."

"மலர்ல போடுங்கம்மா."

"உங்கட பேர் கெட்டுப்போகுமே?"

"போகட்டுங்கம்மா."

அவர் ஐயாவின் படத்துக்கு முன்னால் போய் நின்று, "என்ன மனுசன் நீங்கள்? எனக்காவது சொன்னால் என்ன?" என்று ஏசினார். ஏசிக்கொண்டே அழுதார். நான் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டேன். நானாக இருந்தால் அன்று பின்னேரமே என் வீட்டுக்காரியிடம் சொல்லியிருப்பேன். சொல்லி, நான் எவ்வளவு நல்லவன் பார் என்றிருப்பேன்.

போய் வாருங்கள் ஐயா. உங்கள் மேல் எனக்கிருந்த பொறாமை கொஞ்சமும் குறையவில்லை.

கருப்பையா
வத்தேகம