நசுங்காத எலுமிச்சம்பழம்

நான் வேலை செய்த மலை உணவகத்துக்குக் குளிர்காலத்தில் வீதி இல்லை. மாவும் பாலும் பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியில்தான் மேலே போகும். பழைய வண்டி சரியான பாரம், புதுப்பனியில் புதைந்துவிடும். வேறு கம்பனி வண்டி வாங்குவோம் என்று முதலாளியை அரித்தவன் நான்தான்.

புது வண்டியை முதலில் ஓட்டிப் பார்த்தவனும் நானே. இடுப்பளவு பனியிலும் லேசாக ஏறியது. ஆனால் சரிவைக் குறுக்கே கடக்கும்போது பள்ளத்துப் பக்கம் கவிழப் பார்த்தது. உடம்பை மேட்டுப் பக்கம் சாய்த்தால்தான் நின்றது. பழைய வண்டியில் அந்தக் கவலை இருந்ததில்லை. வாங்கச் சொன்ன வாயால் குறை சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

என்னோடு சாமான் ஏற்றும் தேவன் அண்ணை, கொட்டகை வாசலில் வண்டிக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். வண்டியை ஏற்றினேன். பழம் நசுங்காமல் பனிக்குள் இறங்கிவிட்டது.

"நசிஞ்சதோ?"

"ஓம் அண்ணை."

"வண்டியில குறை ஏதும் இருக்கோ?"

"ஒண்டுமில்லை. பயப்பிடாமல் ஓடுங்கோ."

மூன்றாம் நாள் அந்தச் சரிவில் வண்டி அவர்மேல் புரண்டது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அவர் மனைவி வண்டியை ஏசி அழுதார். அண்ணை தடுத்தார்.

"அதை ஏசாதையும். தம்பி ஓடிப் பாத்துத்தானே தந்தவன். பிழை என்ரதுதான்."

நான் கட்டில் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

பனி கரைந்தபோது கொட்டகை வாசலில் அந்தப் பழம் முழுசாகக் கிடந்தது. எடுத்து எறியக் கை வரவில்லை.

போன கிழமை அண்ணை எனக்கு ஃபோன் எடுத்தார். ஒற்றைக்காலோடு ஓட்டக்கூடிய கார் ஒன்று பார்த்திருக்கிறாராம்.

"நீ ஒருக்கா ஓடிப் பாத்துச் சொல்லு தம்பி. உன்ர சொல்லுப் போதும் எனக்கு."