கொடுவாவுக்கு வால் வெட்டிய வாரம்

எங்கள் வீட்டில் யாருக்கும் மீன் பிடிக்கத் தெரியாது. தெற்கேயிருந்து வந்து காத்திவாக்கத்தில் ஹார்டுவேர்ஸ் கடை போட்ட குடும்பம். ஆணியும் தாழ்ப்பாளும் பெயிண்டும் விற்போம். மீனோடு எங்கள் பழக்கமெல்லாம் குழம்புச் சட்டியோடு சரி. சித்தப்பாவுக்கு மட்டும் திடீரென்று தூண்டில் பைத்தியம் பிடித்தது. ஞாயிறு மதியம் கடை மூடியதும் முகத்துவாரத்துப் பாலத்துக்கு ஓடுவார். பொழுது சாய்ந்ததும் வெறும் பையோடு, ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி சிரித்துக்கொண்டு திரும்பி வருவார்.

ஒருநாள் அப்பா கல்லாவில் இருந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "ஏல, மீன் பிடிக்கத்தான் போறேன்னா மீனைக் கொண்டாந்து காட்டு. இந்த ஞாயித்துக்கெழமையும் வெறுங்கையோட வந்தேன்னா, திங்கக்கெழம பஸ்ஸேறி ஊருக்குப் போயிரு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சித்தப்பா போய்விட்டால் அந்த வீட்டில் எனக்குப் பேச ஆள் கிடையாது. தம்பி அப்போது பேசவே ஆரம்பிக்கவில்லை.

சித்தப்பா அசரவில்லை. மெல்லிய ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கீறி, வால் மாதிரி ஆட விட்டு, அதையே இரையாகக் காட்டி யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் பெரிய பெரிய மீனாகப் பிடிப்பதைக் கைப்பேசியில் பார்த்திருந்தார். குழாய்க்கா பஞ்சம்? கொத்தனார்கள் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கிற டியூப் எங்கள் கடையில் சுருள் சுருளாகக் கிடந்தது. விரல் நீளத்துக்குத் துண்டு போட்டார். இரும்பு ஸ்கேலை வைத்துப் பேனாவால் கோடு கிழித்து, பிளேடால் வாலைச் சமமாகக் கீறினார். உள்ளே ஈயக்குண்டும் தூண்டில் முள்ளும் வைத்தார். அதோடு விட்டாரா? டப்பாவில் மிச்சமிருந்த சிவப்பு எனாமல் பெயிண்டை அடித்துக் கொடியில் வேறு காயப்போட்டார். அளவெடுத்து வெட்டி, பெயிண்ட் அடித்து முடிக்காவிட்டால் எங்கள் ஆட்களுக்கு எந்த வேலையும் வேலையாகத் தோன்றாது.

தண்ணீர்த் தொட்டியில் விட்டு இழுத்துப் பார்த்தோம். வால் ஆடவே இல்லை, விளக்குமாறு மாதிரி விறைத்துக்கொண்டு வந்தது. அந்த வாரம்தான் நான் பள்ளி ஆண்டுவிழாவுக்கு வண்ணத்தாள் தோரணம் வெட்டியிருந்தேன். நேராக வெட்டிய தாள் தொங்கிக்கொண்டு கிடக்கும், சாய்வாக வெட்டினால்தான் சுருண்டு காற்றில் சுழலும். அம்மாவின் தையல் கத்தரிக்கோலை எடுத்து, பெயிண்ட் படாத ஒரு துண்டின் வாலை நூல் நூலாகச் சாய்த்து வெட்டினேன். குழாய்க்குள் கொஞ்சம் ஜிகினாத் தாளையும் திணித்தேன்.

"ஏட்டி, என்னட்டி இது கோணல்மாணலா! ஸ்கேல் வச்சு வெட்டக் கூடாதா?" என்றார் சித்தப்பா. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருந்தாலும் அதைப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த ஞாயிறு என்னையும் கூட்டிப்போனார். பாலத்தடிக் கல்லில் ஓர் அக்கா அலுமினியக் குண்டானில் உயிர் இறால் வைத்து, தூண்டில்காரர்களுக்கு இரையாக விற்றுக்கொண்டிருந்தாள். சித்தப்பா முதல் சிவப்பு வாலைக் கட்டி வீசியதுமே அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னா சாரே, மீனுக்கு வூடு கட்டப் போறியா? பெயிண்ட் நாத்தம் இங்கவரிக்கும் வருது!"

எனக்கு அவளைக் கடித்துவிடலாம் போலிருந்தது. சித்தப்பாவோ காதுவரை சிவந்து சிரித்துக்கொண்டு நின்றார். சிவப்பு வால்களை ஒவ்வொன்றாக வீசி இழுத்தார். ஒரு குஞ்சு மீன்கூட எட்டிப் பார்க்கவில்லை. கடலிலிருந்து ஏற்றத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஊர் பஸ்தான் கண்ணில் தெரிந்தது. பையிலிருந்து என் கோணல் வாலை எடுத்து நீட்டினேன். வேறு வழியில்லாமல் கட்டினார்.

தூணோரம் விழுந்தது. இரண்டு இழுப்புதான். தண்ணீருக்குள் என் வால் விரிந்து சுழன்று மினுங்கியதை நான் பார்த்தேன். அடுத்த நொடி தூண்டில் நரம்பு விண்ணென்று இழுபட்டது. ஒரு கொடுவா மீன் வாயைப் பிளந்துகொண்டு துள்ளித் தலையை உதறியது. சித்தப்பா கல்லில் சறுக்கினார். நான் பின்னாலிருந்து நரம்பைப் பிடித்தேன். அது என் விரலை அறுத்தது, ஆனாலும் விடவில்லை.

"வுடாத, வுடாத! இஸ்துகினே இருக்காத, தளத்து!" என்று கத்திக்கொண்டே அந்த அக்கா கைவலையோடு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். கொடுவா வலைக்குள் வந்து விழுந்தபோது நாங்கள் மூவரும் போட்ட கூச்சலில் பாலத்தில் போன ஷேர் ஆட்டோவே நின்றுவிட்டது.

வாலைப் பிடித்து என்னால் தூக்க முடியவில்லை, அவ்வளவு கனம். சித்தப்பா தோளில் போட்டுக்கொண்டார். நான் முன்னால் நடந்தேன். கேட்டவர்கள், கேட்காதவர்கள் எல்லோரிடமும், "நான் வெட்டின வாலு!" என்று சொல்லிக்கொண்டே போனேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு நடை நான் அப்புறம் நடந்ததே இல்லை.

அப்பா மீனையும் சித்தப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏல, வெல குடுத்து வாங்கினதா?" என்றார். நான் பாய்ந்துபோய் அறுபட்ட விரலைக் காட்டினேன். "அப்போ அடுத்த ஞாயிறும் போகலாம்லா?" என்று சித்தப்பா கேட்டார். அப்பா விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, "போ," என்றார்.

அம்மா மீனை அரிந்துகொண்டே மெதுவாகக் கேட்டாள்: "அந்த எறால் விக்கிற பிள்ள எப்படிட்டி? நல்ல பிள்ளையா?"

"சரியான வாயாடிம்மா. ஒரே கேலி. சித்தப்பா திருப்பி ஒண்ணும் சொல்லாம சிரிச்சிட்டே நிக்காவ."

அம்மா அரிவாள்மணையை விட்டுவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பாலத்துச் சங்கதி யார் மூலமாகவோ அப்பா காதுக்கு முன்பே வந்திருந்ததும், அதனால்தான் அவர் மீனைக் காட்டு என்று பிடிவாதம் பிடித்ததும், அந்த அக்காவைச் சித்தி என்று கூப்பிடப் பழகிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சித்தப்பா அடுத்த ஞாயிறும் போக வேண்டும், அதற்கு வால் வேண்டும். கத்தரிக்கோலைத் தேடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.