பம்பரத்துக்குச் சலித்த பாட்டு

வானொலி நிலையத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். வைத்தவர் மதிய நிகழ்ச்சியின் அறிவிப்பாளர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, ஆனால் அவளுக்குத் தெரியும். கோபித்துக்கொள்ளவும் முடியாது, ஏனென்றால் பெயர் அவ்வளவு பொருத்தம். உட்கார்ந்தால் கால் ஆடும். நின்றால் விரல் மேசையைத் தட்டும். பேசுகிறவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போயிருப்பாள்.

அவள் வேலை பாட்டுத் தேர்வு. ஊரே காலையில் பல் தேய்த்துக்கொண்டு கேட்கிற பாட்டு எது, மதியம் தையல் கடையில் ஓடப்போவது எது, எந்தப் பாட்டு ஒரே நாளில் திரும்பத் திரும்ப வரும், எது மாதத்துக்கு ஒருமுறை தலைகாட்டும் என்பதெல்லாம் அவள் கணினியில்தான் முடிவாகும். மெல்லிசை நிலையமா, ஆட்டப் பாட்டு நிலையமா, பழைய பாட்டு நிலையமா என்று நிலையத்துக்கு ஒரு பாணி இருக்க வேண்டும். அந்தப் பாணியைத் தீர்மானிப்பதும் அவள்தான். தீர்மானிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. தீர்மானித்ததை வைத்துக்கொண்டு இருப்பதில்தான் சிக்கல்.

வந்த புதிதில் மெல்லிசை என்றாள். சில மாதத்தில் தூக்கம் வருகிறது என்று ஆட்டப் பாட்டுக்குத் தாவினாள். பிறகு பாதி பேச்சு, பாதி பாட்டு. இப்போது மறுபடி மெல்லிசை. வீட்டிலும் இதே கதைதான். கல்யாணமானதிலிருந்து எத்தனை வீடு மாறினீர்கள் என்று அவள் கணவரைக் கேட்டால் சிரிப்பார், சொல்ல மாட்டார். மின்தூக்கி பழுது பார்க்கிறவர். ஏறி இறங்குவது அவருக்குத் தொழில், அவளுக்குக் குணம்.

அந்தத் திங்கட்கிழமை முதலாளி எல்லோரையும் சின்ன அறையில் கூட்டி, கதவைச் சாத்தினார். கதவைச் சாத்தினால் நல்ல செய்தி இல்லை என்று அந்த அறைக்கே தெரியும்.

"கேக்கறவங்க குறைஞ்சுட்டே போறாங்க. பெரிய கம்பெனி ஒண்ணு வந்து பேசுது. பாட்டெல்லாம் அவங்களே எங்கேயோ இருந்து அனுப்பிடுவாங்களாம். நம்ம ஒலிபரப்புக் கோபுரம் மட்டும் போதுமாம்" என்றார்.

"அப்ப நாங்க?" என்று கேட்டார் மதிய அறிவிப்பாளர். ஐம்பதைத் தாண்டியவர். குரலைத் தவிர வேறு தொழில் தெரியாதவர்.

முதலாளி பேனாவை மூடித் திறந்தார். "அடுத்த சர்வே வரைக்கும் பொறுத்துக்கறேன். அதுலயும் இறங்கினா நான் கையெழுத்துப் போட்டுடுவேன். என்ன பாணின்னு நீங்களே முடிவு பண்ணுங்கம்மா. ஆனா இதுதான் கடைசி."

அறிவிப்பாளர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தேவலை. நம்பிக்கை இருந்தது.

அன்று மதிய நிகழ்ச்சி முடிந்ததுமே இருவரும் தொலைபேசியில் உட்கார்ந்தார்கள். ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு, ஒவ்வொரு பாட்டிலிருந்தும் கொஞ்சம் வெட்டி ஒலிக்கவிட்டு, பிடிக்குமா, பிடிக்காதா, சலித்துவிட்டதா என்று கேட்பது வழக்கம். எந்தக் கோஷ்டி எதை விரும்புகிறது என்று தெரிந்தால் பாணி தானாகப் பிடிபடும் என்பது கணக்கு. அவள் மனதுக்குள் ஏற்கெனவே அடுத்த பாணி தயார். பழைய பாட்டு மட்டும். யாராவது ஆமாம் போட்டால் போதும்.

ஜன்னல் பாட்டு என்று நிலையத்தில் அழைக்கப்பட்ட ஒரு பாட்டு இருந்தது. 'ஜன்னல்' என்று தொடங்கும், காதுக்கு இதமாக இருக்கும். அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு உயிரே போனது. போன மாதம்தான் ஒழிந்தது சனியன் என்று அழித்தாள். ஊருக்கும் சலித்திருக்கும், சந்தேகமில்லை. ஒரு பேச்சுக்கு அதையும் பரீட்சையில் சேர்த்திருந்தாள்.

"இது தெரியலையே மேடம். புதுப் பாட்டா?" என்றார் ஒரு பேருந்து ஓட்டுநர்.

"எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கு. யார் பாடினது?" என்றாள் ஒரு மருந்துக் கடைப் பெண்.

"நல்லா இருக்கே, உங்க ரேடியோல போடுவீங்களா?" என்றார் இன்னொருவர்.

அவள் தொலைபேசியை மேசையில் வைத்த சத்தத்தில் அறிவிப்பாளர் திடுக்கிட்டார். "என்னண்ணா இது? காதுல பஞ்சு வச்சுக்கிட்டா கேக்கறாங்க? இதை எத்தனை நாள் போட்டோம்."

"போட்டோம்தான்" என்றார் அவர். "எனக்கும் புரியல."

எதற்குமே உருப்படியான பதில் வரவில்லை. பழைய பாட்டும் வேண்டாம், புதுப் பாட்டும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தெரியாது என்றுதான் சொன்னார்கள். தெரியாத பாட்டை வைத்து என்ன பாணியைப் பிடிப்பது? குட்டி போட்ட பூனை மாதிரி தாழ்வாரத்தில் நடந்துவிட்டு, எரிச்சலோடு வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் மகள் தரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். வரைந்தபடியே ஜன்னல் பாட்டின் முதல் வரியைப் பாடினாள். மறுபடி முதல் வரி. மறுபடியும் அதே.

"அடுத்த வரிக்குப் போயேன்டி. மண்டை காயுது" என்றாள் அம்மா.

"தெரியாதும்மா. ஸ்கூல் வேன்ல தினம் வரும். ரெண்டாவது வரி வர்றதுக்குள்ள ஸ்கூல் வந்துடும். நானும் அவளும் சேர்ந்து கத்துக்கலாம்னு இருந்தோம். அதுக்குள்ள நீ எடுத்துட்ட."

"யாரு அவ?"

"என் ஃப்ரெண்டு. மாடி வீட்டுல இருக்காளே. இப்பதான் என்கூடப் பேச ஆரம்பிச்சிருக்கா." மகள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நாம வேற வீடு பாக்கறோம்னு அப்பா சொன்னாரு. பாட்டை எடுத்த மாதிரி அவளையும் எடுத்துடு."

கணவர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, இது தனக்கு வேண்டாத வம்பு என்று உள்ளே போய்விட்டார்.

அவளுக்குச் சுருக்கென்றது. குழந்தை சொன்னதுதான் குத்தியது, ஆனால் குத்திய இடத்திலேயே வேறொன்றும் பிடிபட்டது. அவள் காலை முதல் மாலை வரை அந்தப் பாட்டோடு ஒரே அறையில் அடைந்து கிடக்கிறாள். ஊர் அப்படியா கேட்கிறது? ஓட்டுநர் இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே கேட்கிறார். மருந்துக் கடைப் பெண் ஆளில்லாத நேரத்தில் கேட்கிறாள். இங்கே இவளுக்கு வாந்தி வரும்போதுதான் அவர்களுக்குப் பாட்டு வாயில் வரத் தொடங்குகிறது. சரியாக அந்த நேரம் பார்த்து அவள் அழித்துவிடுகிறாள். பாணியை மாற்றி மாற்றி, ஒரு பாட்டையும் ஊர் வாயில் ஏறவிடாமல் செய்தது வேறு யாருமில்லை. அப்படி நினைத்தபோது வெட்கமாக இருந்தது. அறிவிப்பாளரின் முகம் வேறு கண்ணில் நின்றது.

மறுநாள் முதலாளியிடம் போனாள். "பாணி மாத்த வேண்டாம் சார். மெல்லிசையே இருக்கட்டும். பாட்டைக் குறைச்சுட்டு, அதையே திரும்பத் திரும்பப் போடுவோம். ஜன்னல் பாட்டையும் சேர்த்து."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களா சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன். என்னை நம்பாதீங்க, அதுவும் சொல்றேன்."

நேரே நிலையத்தின் பொறியாளரிடம் போய், கணினியில் பாட்டை அழிக்கிற வசதிக்குப் புதிய கடவுச்சொல் வைக்கச் சொன்னாள். "எனக்குச் சொல்லாதீங்க. நான் அழுதாலும் சொல்லாதீங்க." அவர் சந்தோஷமாகச் செய்தார். அவளிடமிருந்து எதையாவது பூட்டிவைக்க அவருக்கு வெகுநாளாக ஆசை.

அதற்குப் பிறகு நிலையத்தில் எல்லோரும் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. அறிவிப்பாளர் பல்லைக் கடித்துக்கொண்டு, குரலில் மட்டும் தேன் வைத்து ஜன்னல் பாட்டை அறிமுகம் செய்வார். முதல் வரி வந்ததும் அவள் எழுந்து மாடிப்படியில் ஏறி இறங்குவாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் பொறியாளரின் மேசைக்கு முன் போய் நின்றாள். அவர் கையை விரித்தார். இன்னொரு நாள் வேறு பயம் வந்தது. ஊர் நிஜமாகவே சலித்துப்போயிருந்தால்? அவள் ஒருத்தியின் புத்திசாலித்தனத்துக்கு அறிவிப்பாளரின் பிழைப்பு போய்விடுமே.

சர்வே வருவதற்கு முந்தைய வாரம் ஒரு சலவைக் கடைக்காரம்மா கூப்பிட்டாள். அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் போட்டார்.

"இப்ப ஒரு பாட்டு போட்டீங்களே, ஜன்னல்னு வருமே. புதுசா வந்ததா? ரொம்ப நல்லா இருக்கு. இன்னொரு தடவை போடுங்களேன்."

அறிவிப்பாளர் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். சிரித்த முகம் நிமிர்ந்தபோது கண் நனைந்திருந்தது. "போடறோம்மா. அதுக்கென்ன" என்றார்.

சர்வே வந்தது. பெரிதாக ஏறவில்லை, ஆனால் இறங்கவில்லை. முதலாளி கையெழுத்துப் போடவில்லை. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னார். பொறியாளர் துண்டுத்தாளில் கடவுச்சொல்லை எழுதி, மடித்து அவளிடம் நீட்டினார்.

அவள் அதைப் பார்த்தாள். ஆசையாகத்தான் இருந்தது. "நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

வீட்டு வாசலுக்கு வந்தபோது மாடிப்படியில் மகளும் அந்தச் சிநேகிதியும் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். முதல் வரி, இரண்டாவது வரி, இரண்டும் சத்தமாக வந்தன. கையிலிருந்த கைபேசி அதிர்ந்தது. வீட்டுத் தரகர். அவள் அழைப்பைத் துண்டித்துவிட்டு, பிள்ளைகள் பார்த்துவிட்டால் நிறுத்திவிடுவார்களே என்று சுவரோரம் ஒதுங்கினாள்.

மூன்றாவது வரியில் இருவரும் தடுமாறினார்கள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். மூன்றாவது வரி அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். சொல்லாமல், காலை ஆட்டாமல் நின்றாள்.